‘உங்கள் ஆள்’ யாருடைய ஆள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் முதல் வீடு வாங்குவோருக்காக வந்த கட்டுரையைப் படித்தேன். வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், வங்கிக் கடன் என்று எல்லாம் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தீர்கள். நடுவில் ஒரு வரி: ‘புரோக்கரை உங்கள் ஆளாக நினைத்துப் பழகுங்கள், அதிகபட்சம் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதை அவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.’ அந்த இடத்தில் இதழைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

நானும் ஒளிக்காமல் சொன்னவன்தான் ஐயா.

ஏழு வருடம் ஆகிறது. நல்ல மனிதர், தன்மையாகப் பேசுவார், என் மனைவியை வாய் நிறைய அக்கா என்பார். எட்டு வீடு காட்டினார். ஒன்பதாவது எங்களுக்குப் பிடித்துப்போனது, விலைதான் எட்டவில்லை. படிக்கட்டில் நிறுத்தி, “சார், எங்கிட்ட மட்டும் சொல்லுங்க, எவ்வளவு வரைக்கும் போவீங்க? அப்பத்தான் உங்களுக்காக நான் பேச முடியும்” என்றார். சொன்னேன். பி.எஃப். பணம், கிடைக்கக்கூடிய கடன், அடகு வைக்கக்கூடிய நகை எல்லாவற்றையும் கூட்டி, கடைசி ரூபாய் வரைக்கும் சொன்னேன். அப்புறம் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கலாம் என்று மாடி ஏறினேன். பாதிப் படியில் மூக்குக்கண்ணாடியை மறந்தது ஞாபகம் வந்து திரும்பினால், கீழே அவர் போனில். “பார்ட்டி கையிலதான் இருக்கு. இன்னும் ஏறுவாங்க. நீங்க இறங்கிடாதீங்க.”

மறுநாள் ஓனர் சொன்ன ‘ஃபைனல்’ விலை, நான் படிக்கட்டில் சொன்ன தொகையேதான். ஒரு ரூபாய் பிசகவில்லை.

பின் ஏன் வாங்கினாய் என்று கேட்பீர்கள். அதற்குள் வீட்டில் சோபா எந்தச் சுவரோரம் என்பதுவரை பேசி முடித்தாகிவிட்டது. வீடு பிடித்துப்போனவனுக்கு ரோஷம் எங்கிருந்து வரும்?

பத்திரம் பதிந்த அன்று வராந்தாவில் வைத்துக் கமிஷன் கவரை நீட்டினேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். ஐந்து நிமிடத்தில் ஓனரும் ஒரு கவர் கொடுத்தார். அதுவும் அதே பைக்குள் போனது. என்ன இது என்று கேட்டதற்கு, “ரெண்டு பேருக்கும்தானே சார் அலைஞ்சேன்” என்றார். முகத்தில் கள்ளத்தனமே இல்லை. எனக்கு அதுதான் இன்னும் உறுத்துகிறது. நீ யாருக்காகப் பேசுகிறாய் என்று அவரை யாருமே கேட்டதில்லை போலிருக்கிறது. முப்பத்தோரு வருடம் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து, யார் காசு யாருக்குப் போகிறது என்று பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருந்த நானும் கேட்கவில்லை.

என் தங்கை கதை இதற்கு மேல். அவள் விற்கிற பக்கம். ‘இந்த மனைக்கு இதற்கு மேல் வராதும்மா’ என்று புரோக்கர் சொன்னதை நம்பிக் கொடுத்தாள். வாங்கியவர் அந்தப் புரோக்கரின் மைத்துனர் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆறு மாதத்தில் மனை வேறொருவருக்கு நல்ல லாபத்தில் கைமாறியது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 216-ஆம் பிரிவில், தன்னை நியமித்தவருக்குத் தெரியாமல் ஏஜென்ட் அதே வியாபாரத்தில் தனக்காக இறங்கினால், அதில் அவருக்குக் கிடைத்த ஆதாயத்தை நியமித்தவர் கேட்கலாம் என்கிறது. கேட்டாள். “நான் எங்கம்மா உங்க ஏஜென்ட்? நான் ரெண்டு பேருக்கும் பொது” என்றார். கமிஷன் வாங்கும்போது மட்டும் பொது இல்லை.

2016-ஆம் ஆண்டு வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. அதில் ஏஜென்ட் என்பதற்கான விளக்கமே, ஒருவர் சார்பில் இன்னொருவருடன் பேசி முடிப்பவர் என்றுதான் தொடங்குகிறது. ஆனால் அவர் பதிவு செய்தாக வேண்டும் என்கிற ஒன்பதாம் பிரிவு, கட்டுநர் விற்கிற பதிவான திட்டங்களுக்குத்தான். எங்களைப் போலப் பழைய வீட்டை ஓனரிடம் வாங்குகிறவர்கள் அதற்குள் வருவதில்லை. பத்தாம் பிரிவு ஏஜென்டின் கடமைகளைச் சொல்கிறது. கணக்கு வைக்க வேண்டும், ஆவணங்கள் கிடைக்க உதவ வேண்டும், எல்லாம் சரி. முதல் சந்திப்பிலேயே ‘நான் இன்னார் பக்கம்’ என்று சொல்ல வேண்டும் என்று அதில் ஒரு வரி கிடையாது.

மற்ற ஊர்களில் இதற்கு விதி இருக்கிறது. சிங்கப்பூரில் ஒரே பேரத்தில் ஒரே ஏஜென்ட் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஆளாக இருக்க முடியாது. கனடாவின் ஒன்டாரியோவில் 2023 டிசம்பரிலிருந்து, வேலையைத் தொடங்கும் முன்பே ஏஜென்ட் ஒரு கையேட்டைக் கொடுத்து, அவர் யாருக்காக வேலை செய்வார், செய்யமாட்டார் என்பதை விளக்கியாக வேண்டும். அமெரிக்காவில் 2024 ஆகஸ்ட் 17 முதல், வாங்குபவரின் ஏஜென்ட் வீட்டைச் சுற்றிக்காட்டும் முன் எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும் என்று அங்கிருக்கிற பெரிய தரகர் சங்கம் ஒப்புக்கொண்டது. தானாகத் திருந்தி ஒப்புக்கொள்ளவில்லை, வழக்கில் அடிவாங்கித்தான். இந்தச் சமாச்சாரங்களில் ஒன்றாவது உங்கள் கட்டுரையாளருக்குத் தெரிந்திருக்காதா?

அந்தக் கட்டுரைக்கு அடுத்த பக்கத்தையும் நான் பார்க்காமல் இல்லை. முழுப்பக்க விளம்பரம். ‘எங்கள் ஆலோசகர்கள் உங்களுக்காகவே! சேவை முற்றிலும் இலவசம்!’ வாங்குபவனிடம் காசு வாங்காத ஆலோசகருக்குச் சம்பளம் வானத்திலிருந்தா விழுகிறது? கட்டுநர் கொடுக்கிறார். அப்படியானால் அவர் கட்டுநரின் ஆள். அதில் தப்பே இல்லை, அதையும் அதே எழுத்தளவில் போட்டால். மூன்று வருடம் முன்பு இதே விளம்பரங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். நான்கு வரியாக்கிப் போட்டீர்கள். விளம்பரம் என்ற சொல் அந்த நான்கு வரியில் இல்லை. இட நெருக்கடி, புரிகிறது.

அதனால் இந்த முறை பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு மூலையில் சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள். வீட்டைப் பார்க்கப் போகும் முன் புரோக்கரிடம் கேட்க வேண்டியவை: இந்த வீட்டுக்கு உங்களை அழைத்தது ஓனரா, நானா? என்னைத் தவிர யாரிடம் கமிஷன் வாங்குகிறீர்கள்? விற்பவரோ வாங்குபவரோ உங்களுக்குச் சொந்தமா? பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். அதிகபட்சத் தொகையைப் பெண்டாட்டி, புருஷன் தவிர யாரிடமும் வாய்விட வேண்டாம் என்றும் ஒரு வரி சேருங்கள். அந்தப் பழைய வரிக்குத் திருத்தம் போட்டால் சந்தோஷம், போடாவிட்டாலும் சந்தா கட்டுவதை நிறுத்தமாட்டேன்.

பெயரை மட்டும் வெளியிட வேண்டாம். அந்தப் புரோக்கர் எங்கள் அடுத்த தெருவில்தான் இருக்கிறார், உங்கள் இதழை அவரும் வாங்குகிறார். போன வாரம்கூட வழியில் நிறுத்தி, “வீட்டை விக்கிற ஐடியா இருந்தா சொல்லுங்க சார், இந்தத் தடவை உங்க பக்கம் நிக்கிறேன்” என்றார்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத சந்தாதாரர்