டிரெய்லர் இழுக்கும் கணக்கு

ஸ்டுட்கார்ட்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது?

அடுத்த மாதம் வீடு மாறுகிறோம். ஆள், லாரி வைத்தால் கூலி கட்டுப்படியாகாது. டிரெய்லரை வாடகைக்கு எடுத்து, காரில் மாட்டி நாங்களே சாமானைக் கொண்டுபோகிறோம். "கார் அவ்வளவு பாரம் இழுக்குமா?" என்று போனில் கேட்டீர்களே, அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

ஜெர்மனியில் இதற்கு இரண்டு கணக்கு. லைசென்சுக்கு ஒன்று, காருக்கு ஒன்று.

லைசென்ஸ் பார்ப்பது காகிதத்தில் உள்ள அனுமதி எடையை, அதாவது பாரத்தோடு சேர்த்து அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்பதை மட்டும்தான். என்னுடையது பி வகுப்பு, சாதாரண கார் லைசென்ஸ். 750 கிலோ வரையுள்ள டிரெய்லரைத் தாராளமாக இழுக்கலாம். அதைவிடப் பெரியது என்றால், காரும் டிரெய்லரும் சேர்ந்து 3,500 கிலோவைத் தாண்டக் கூடாது. கூட வேலை பார்ப்பவர் ஒருவர் தன் டிரெய்லரைச் சும்மாவே தருகிறேன் என்றார். அதன் அனுமதி எடை 2,000, என் காருடையது 1,850. கூட்டினால் 3,850. காலியாக இழுத்துப் போனாலும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம்தான். ஓராண்டு வரை சிறைகூட உண்டு. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

காருக்கு, ஏற்றியபின் உண்மையில் என்ன எடை என்பதுதான் பேச்சு. நம் ஆர்.சி. போல இங்கே ஒரு பச்சைத் தாள் உண்டு. அதில் ஓ.1 என்ற கட்டம் பிரேக் உள்ள டிரெய்லருக்கு, ஓ.2 பிரேக் இல்லாததற்கு. என் காருக்கு 1,400, 650 என்று இருக்கிறது. நான் சொல்லிவைத்திருப்பது பிரேக் இல்லாத 750 கிலோ டிரெய்லர். லைசென்ஸ் ஒத்துக்கொண்டாலும் 650-க்கு மேல் போகக் கூடாது. டிரெய்லரின் சொந்த எடை 150 போனால், சாமானுக்கு 500 கிலோதான். பீரோவும் கட்டிலும் அடுத்த நடையில்தான் போகும்.

முன்பாரம், பின்பாரம் பற்றி உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? தாத்தாவின் வண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்குமே, இதுவும் அப்படித்தான். டிரெய்லர் எடையில் 4 சதவீதமாவது காரின் கொக்கியை அழுத்த வேண்டும், அந்தக் கணக்கு 25 கிலோவைத் தாண்டினாலும் 25 இருந்தால் போதும் என்பது சட்டம். அழுத்தம் குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் இப்படியும் அப்படியும் ஆடி, காரையே திருப்பிவிடும். வாஷிங் மெஷினை அச்சுக்கு நேர் மேலே வைத்து, பெல்ட் போட்டு இறுக்கிவிடுவேன். வேகமும் மணிக்கு 80 கிலோமீட்டர்தான். வண்டி தகுதியானது என்று தனி ஸ்டிக்கர் வாங்கியிருந்தால் ஆட்டோபான் என்ற இங்கத்திய அதிவேக நெடுஞ்சாலையில் 100 போகலாம்.

பி96 என்று ஒரு பயிற்சி இருக்கிறது. குறைந்தது 7 மணி நேரம், தேர்வு கிடையாது. முடித்தால் மொத்தம் 4,250 கிலோ வரை இழுக்கலாம். குளிர்காலத்துக்குள் சேர்ந்துவிட நினைக்கிறேன்.

தம்பி டிராக்டர் டிரெய்லருக்குப் பின்னால் சிவப்பு ரிப்ளெக்டர் ஒட்டிவிட்டானா? ராத்திரியில் கரும்பு ஏற்றிப் போகிறவன், பின்விளக்கும் இல்லாமல் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். செலவை நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன்