அந்த முதியவரின் கை

வத்தலக்குண்டு

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாட்களாகிவிட்டன. நீ கேட்டிருக்கும் கேள்வியை நானும் உன் வயதில் கேட்டு, இன்றுவரை முழு விடை காணாதவன் என்பதால் எழுதத் தாமதமாயிற்று. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி முடிந்து வெளியே வந்து வானத்தைப் பார்த்தபோது, பால்வீதியில் மட்டுமே குறைந்தது 10,000 கோடி விண்மீன்கள் இருக்க, நம் செயல்களுக்குக் கணக்கு வைக்கக் கடவுளும் இல்லையென்றால், விடியுமுன் இறந்துபோன அந்த முதியவரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததற்கு என்ன பொருள் என்று எழுதியிருக்கிறாய்.

உன் அம்மாவிடம்கூடச் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். உன் அப்பத்தா இறப்பதற்கு இரண்டு நாட்களுக்கு முன், அங்கே உன் தாத்தா தனக்காகக் காத்திருப்பாரா என்று என்னிடம் கேட்டார். முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் கற்பித்து, சான்றில்லாத எதையும் ஏற்காதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லி வந்த நான், ஒரு நொடிகூடத் தயங்காமல், 'காத்திருப்பார் அம்மா' என்றேன். அது பொய்யா என்று இன்னும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. மறுபடியும் அவர் கேட்டால் அதையேதான் சொல்வேன்.

அளவைப் பார்த்து மனம் கலங்குவது எனக்கும் நேர்ந்ததுதான். ஆனால் இந்தப் பிரபஞ்சம் திண்டுக்கல் மாவட்டத்தின் அளவே இருந்திருந்தால், அந்த முதியவருக்கு உன் கை இன்னும் அதிகமாகத் தேவைப்பட்டிருக்குமா? இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளில் சூரியன் தன் மையத்து ஹைட்ரஜனைத் தீர்த்துவிட்டு ஊதிப் பெருக்கும் என்பதை அறிந்தே நான் தினமும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். அவை வாடுவது இன்றைய வெயிலில்தான்.

நீ எட்டாம் வகுப்பில் இருந்தபோது கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு உன்னை அழைத்துச் சென்றது நினைவிருக்கிறதா? 1904 முதல் அங்கே வானம் தெளிந்த நாட்களிலெல்லாம் சூரியனைப் படம்பிடித்து வருகிறார்கள். சூரியன்மேல் கருமையாகத் தெரியும் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் எவர்ஷெட் என்ற வானியலாளர் கண்டறிந்தது அங்கேதான் என்பதால் அவர் பெயர் பாடநூல்களில் நிலைத்துவிட்டது. எனக்கோ, எதுவும் கண்டறியப்படாத ஆயிரக்கணக்கான காலைகளில் கண்ணாடித் தகட்டைப் பொருத்தி, படமெடுத்து, கழுவி, உலர்த்தி, தேதி எழுதி வைத்தவர்கள்தாம் அடிக்கடி நினைவுக்கு வருகிறார்கள். சூரியப் புள்ளிகள் ஏறி இறங்கும் ஒரு சுழற்சிக்கே சுமார் 11 ஆண்டுகள் ஆகும் என்பதால், தாங்கள் சேர்த்தவற்றை நூறாண்டு வரிசையாக விரித்துப் பார்க்கும் வாய்ப்பு அவர்களில் யாருக்கும் கிடைத்திருக்க முடியாது. பிறக்காத யாரோ ஒருவருக்காக அவர்கள் அதைச் செய்தார்கள். நீ கண்ணெதிரே இருந்த ஒருவருக்காகச் செய்தாய். அதைப் பெற்றுக்கொண்டவர் அவர்; பொருள் உண்டா என்று சொல்லும் உரிமையும் அவருக்கே என்று நினைக்கிறேன். விண்மீன்களிடம் போய்க் கேட்க வேண்டியதில்லை.

இப்படி எழுதிவிட்டாலும், எல்லா இரவுகளிலும் இது எனக்குப் போதுவதில்லை, அம்மாடி. உன் அப்பத்தா விளக்கேற்றிவிட்டு நிம்மதியாக உறங்கியதைப் பார்த்து ஏங்கியிருக்கிறேன். உனக்கு ஒருநாள் கோயிலில் போய் உட்காரத் தோன்றினால், அப்பா என்ன நினைப்பாரோ என்று எண்ணாமல் போய் வா. கடவுள் இல்லை என்று நான் உனக்குக் கற்பிக்கவில்லை. எனக்குத் தெரியாது என்பதை மறைக்காமல் வளர்த்தேன், அவ்வளவுதான்.

டிசம்பரில் வருவதாக எழுதியிருக்கிறாய். ஊர் விளக்குகள் எட்டாத தோட்டத்து வீட்டு மாடியில் இருந்து, நிலவில்லாத முன்னிரவில், வடக்கே, பால்வீதியைப் போன்ற இன்னொரு விண்மீன் திரளான ஆண்ட்ரோமெடா மங்கிய திட்டாகத் தெரியும். அந்த ஒளி புறப்பட்டு 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அப்பத்தாவின் கோரைப்பாயை வெயிலில் உலர்த்தி எடுத்து வைத்திருக்கிறேன். பனி விழும், சால்வை கொண்டு வா.

அன்புடன்,
அப்பா