மில் மூடிய பிறகு: அத்தானுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அத்தானுக்கு,

மில்லில் கணக்கு முடிக்கப் போகிறார்கள், வரும் பணத்தில் செங்கோட்டையில், எரிந்த மோட்டாருக்குப் புதுக் காப்பர் வயர் சுற்றிக் கொடுக்கிற, காயில் கட்டும் கடை போடப் போகிறீர்கள் என்று அக்கா சொன்னாள். சந்தோஷமாக இருந்தது. மெயின் ரோட்டில் பெரிய கடை, முன்பக்கம் புது மோட்டார் விற்பனை, பின்பக்கம் பட்டறை, கேரளாவுக்கு சப்ளை, எல்லாமே முதல் நாளிலிருந்து என்றும் சொன்னாள். அதனால்தான் எழுதுகிறேன். உங்களோடு வேலை போன மற்றவர்களும் இதே யோசனையில் இருப்பார்கள், அவர்களும் படிக்கட்டும்.

கைத்தொழிலை மட்டும் வைத்துத் தொடங்குங்கள் அத்தான். விற்பனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். மூடிப்போன கடைகளில் வேலை தெரியாமல் மூடியவை குறைவு. கைப்பணம் முழுக்கச் சரக்கிலும் வராத கடனிலும் மாட்டிக்கொண்டு மூடியவைதான் அதிகம்.

முதலில் மில் பணம். கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தோடு பஞ்சப்படியைச் சேர்த்து, 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்தால் ஓர் ஆண்டுக்கான தொகை வரும். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 9,000. உங்கள் 24 ஆண்டுக்கு 2,16,000. கடைசி ஆண்டில் 6 மாதத்துக்கு மேல் வேலை பார்த்திருந்தால் அதுவும் முழு ஆண்டுதான். மூடியதற்கான இழப்பீடு இதில் சேராது, அது வேறு. எல்லாவற்றையும் ஒரே தொகையாக எழுதி, இனிப் பாக்கி எதுவும் இல்லை என்று கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

பி.எஃப். பணத்தைக் கடைக்குள் கொண்டுவரவே வேண்டாம். வேலை போய்விட்டதே என்று அதை உடனே எடுத்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. 10 ஆண்டுக்கு மேல் சேவை இருப்பதால் 58 வயதில் உங்களுக்கு மாதப் பென்ஷன் உண்டு. 50 வயதிலிருந்தே வாங்கலாம்தான். ஆனால் முந்தி வாங்கும் ஒவ்வொரு ஆண்டுக்கும் 4 சதவீதம் குறையும், குறைந்தது குறைந்ததுதான். அக்கா பயப்படுவது பி.எஃப். பணமும் கடைக்குள் போய்விடுமோ என்றுதான். அவளிடம் வாய் திறந்து, அந்தப் பணத்தைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்தது கேரளா விஷயம். எல்லையில் இருக்கிற நம் ஆட்கள் பலர் சறுக்குவது இங்கேதான். சரக்கு விற்கிறவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. என்று கேட்டிருப்பீர்கள். அது தமிழ்நாட்டுக்குள் விற்கும் வரைக்கும்தான். புளியரை தாண்டி, கேரளாவிலுள்ள ஆரியங்காவுக்கு ஒரு புது மோட்டாரை விற்று அனுப்பினாலும், முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் சலுகையும் கிடைக்காது. பழுதுபார்க்கும் வேலை அப்படி இல்லை. அது சேவை. ஆண்டுக்கு 20 லட்சம் வரை, வாடிக்கையாளர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் பதிவு இல்லாமல் செய்யலாம். தென்மலையிலிருந்து எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவருக்குக் காயில் கட்டிக் கொடுக்க உங்களுக்கு எந்தத் தடையும் கிடையாது.

அவர்கள் வருவார்கள். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர் இது. பெண் கொடுத்ததும் எடுத்ததும் இரண்டு பக்கமும் உண்டு. உங்களுக்கு மலையாளமும் வரும். அங்கே வீட்டுக்கு வீடு கிணறு, கிணற்றுக்குக் கிணறு பம்பு. இந்தப் பக்கம் கார், பிசானம் என்று இரண்டு போகத்துக்கும் தண்ணீர் இறைக்கிற வயல்கள். குற்றாலத்தில் லாட்ஜுகள். சீசன் நேரத்தில் மோட்டார் எரிந்தால் லாட்ஜ்காரர் விலை கேட்க மாட்டார், எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்றுதான் கேட்பார். மில்லில் ஷிப்ட் நிற்கக் கூடாது என்று ராத்திரியோடு ராத்திரியாகக் காயில் கட்டிய உங்களைப் போன்ற ஆள்தான் அவருக்கு வேண்டும்.

காப்பர் விஷயத்தில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். இந்தத் தொழிலில் பேர் எடுப்பதும் பேர் கெடுவதும் அதில்தான். எரிந்த காயிலை வெட்டி எடுத்ததும் வாடிக்கையாளர் கண் முன்னே எடை போடுங்கள். பழைய காப்பருக்கு இவ்வளவு கழித்திருக்கிறேன் என்று சீட்டில் எழுதுங்கள், வேண்டுமென்றால் அவரிடமே கொடுத்துவிடுங்கள். புதுக் காப்பர் விலை ஏறி இறங்கும் என்பதால், வயருக்கான பணத்தை முன்பணமாக வாங்காமல் மோட்டாரைப் பிரிக்காதீர்கள். சொந்தக்காரர் என்றாலும் இதேதான். வேலை முடிந்தும் எடுக்க ஆள் வராமல் தூசி படிந்து கிடக்கும் மோட்டார் ஒவ்வொன்றும் உங்கள் கைக்காசு.

கடன் பற்றிக் கேட்டீர்களாம். பிரதமர் வேலைவாய்ப்புத் திட்டத்தில் மானியம் உண்டு. ஆனால் அது புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும்தான். கடையைத் திறந்துவிட்டு விண்ணப்பித்தால் கிடைக்காது. மானியப் பணமும் கையில் வராது, 3 ஆண்டு வங்கியில் டெபாசிட்டாகக் கிடந்து பிறகுதான் கடனில் கழியும். காயில் சுற்றும் மெஷின், மின்கசிவு சோதிக்கும் மெக்கர், வார்னிஷ் காய வைக்க ஒரு சூடு பெட்டி, இவ்வளவுக்கு அந்தக் கடன் தேவையில்லை என்பது என் கருத்து. வேண்டுமானால் முத்ராவில் 50,000 வரை சிசு கடன் கேட்கலாம், அதற்கு அடமானம் கிடையாது. சிறு தொழில்களுக்கான அரசின் உதயம் பதிவை மட்டும் செய்துவிடுங்கள். அது இலவசம். காசு கேட்கிற புரோக்கரிடம் போக வேண்டாம், நானே போட்டுத் தருகிறேன்.

மில்லில் ஃபோர்மேனாக இருந்தவர் சந்துக்குள் பட்டறை போடுவதா என்று ஊரில் நாலு பேர் கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் மெயின் ரோட்டுக் கடையைப் பார்க்கிறீர்களோ என்று எனக்குக் கவலை. உங்கள் கைவேலைக்கு மெயின் ரோடு வேண்டாம் அத்தான். தேடி வருவார்கள்.

இன்னும் ஒன்று. ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது, ஆவணி பிறக்கட்டும் என்று அத்தை சொல்வார்கள். அதற்குள் குற்றாலம் சீசன் முக்கால்வாசி போய்விடும். ஆனியிலேயே ஒரு நல்ல நாள் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் கணக்கு நோட்டோடு வீட்டுக்கு வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் மைத்துனன்