இரவுப் பணியும் இணையப் பாதுகாப்புத் துறையில் பெண்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இணையப் பாதுகாப்புத் துறையில் பெண்கள் குறைவாக இருப்பது பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரை, பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிப் பருவத்திலேயே கணினி ஆர்வத்தை ஊட்ட வேண்டும் என்று முடிந்திருந்தது. அத்துறைக்கு ஆளெடுக்கும் நேர்காணல்களில் அமர்ந்து வருபவள் என்ற முறையில், அந்த முடிவு நம் மலேசிய நாட்டு நிலைமைக்குப் பொருந்தவில்லை என்று கருதுகிறேன்.

ஆர்வத்துக்கு இங்கே குறைவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் புலத்தை ஆராய்ந்து நார்வே நாட்டு ஆய்வாளர் விவியன் லாகேசன் 2008இல் வெளியிட்ட கட்டுரை, கணினி என்றாலே ஆண்கள் துறை என்று எண்ணிப் பழகிய மேலைநாட்டினருக்கு வியப்பாக இருந்தது. அங்கே வகுப்பறைகளில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். புலத்தின் தலைமைப் பொறுப்புகளிலும் இருந்தார்கள். வெயிலில் அலையாமல் அறைக்குள் அமர்ந்து பார்க்கும் பாதுகாப்பான வேலை என்பது அவர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று. நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வது அதுதானே!

ஆனால் வேலைக்கு வரும்போது கணக்கு மாறிவிடுகிறது. இத்துறையினரின் பன்னாட்டு அமைப்பான ஐ.எஸ்.சி.2, உலக அளவில் பெண்களின் பங்கு 11 விழுக்காடு என்று 2017இல் அறிவித்தது. அடுத்த ஆண்டே அது 24 ஆனது. அதைக் கொண்டாடுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: யாரையெல்லாம் இத்துறையினர் என்று சேர்ப்பது என்ற வரையறை அந்த ஆண்டில் விரிவாக்கப்பட்டது. அப்படி விரித்தும் நான்கில் ஒருவரைத் தாண்டவில்லை.

பட்டம் பெற்ற பெண்கள் எங்கே தடைபடுகிறார்கள் என்று என்னைக் கேட்டால், நிறுவனக் கணினிகளில் யாரும் அத்துமீறி நுழைகிறார்களா என்று இரவும் பகலும் பார்க்கும் கண்காணிப்பு மையத்தின் இரவு ஷிப்டில் என்பேன். 2024 ஆகஸ்டு 26ஆம் தேதி நடப்புக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், வங்கி, மின்சாரம், மருத்துவம் உள்ளிட்ட 11 துறைகளின் முக்கியக் கட்டமைப்புகளை நடத்துவோர், தாக்குதல் தெரிய வந்தவுடன் அறிவிப்பதோடு ஆறு மணி நேரத்துக்குள் அதன் விவரங்களையும் அளிக்க வேண்டும். தாக்குபவன் அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை. ஆகவே யாராவது விடிய விடியத் திரையின் முன் விழித்திருக்க வேண்டும். பின்னிரவு மூன்று மணிக்குக் கணக்குப் பிரிவு எழுத்தர் ஒருவரின் பெயரில் வெளிநாட்டிலிருந்து யாரோ உள்ளே நுழைந்ததாக எச்சரிக்கை வரும். அவர் விடுமுறையில் பயணம் போயிருக்கிறாரா, கடவுச்சொல் திருடுபோனதா என்பதைச் சில நிமிடங்களில் முடிவு செய்து அந்தக் கணக்கை முடக்க வேண்டும். அந்த நாற்காலியில் ஓரிரு ஆண்டு அமர்ந்து தேறியவர்களே பெரும்பாலும் மேல்நிலைப் பணிகளுக்குப் போகிறார்கள். அந்த நாற்காலிக்கான நேர்காணலில்தான், “இரவு வேலைக்கு வீட்டில் விடுவார்களா?” என்று பெண்களிடம் மட்டும் கேட்கப்படுகிறது. எந்த ஆண் விண்ணப்பதாரரிடமும் அந்தக் கேள்வி எழுந்து நான் பார்த்ததில்லை.

பினாங்கில் இருந்துகொண்டு இப்படிக் கேட்பது எனக்கு வேடிக்கையாகவே படுகிறது. 1972இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வாணிப வட்டாரம் தொடங்கியதிலிருந்து மின்னணுத் தொழிற்சாலைகளின் இரவு ஷிப்டுகளைத் தாங்கியவர்கள் பெரும்பாலும் பெண்களே. பெண்களைத் தொழிற்சாலையில் இரவு பத்து மணிக்கும் காலை ஐந்து மணிக்கும் இடையே வேலை வாங்கக் கூடாது என்று 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவு சொல்லியபோதும், முதலாளிகள் விலக்குப் பெற்று, தொழிற்சாலைப் பேருந்தைக் கம்பத்துக்கும் (கிராமத்துக்கும்) தோட்டத்துக்கும் அனுப்பி ஆள் ஏற்றினார்கள். அப்பேருந்துக்காகச் சாலையோரம் காத்திருந்த அக்காள்களையும் அத்தைகளையும் அறியாத குடும்பம் இத்தீவில் குறைவு. சிப்புகளைப் பொருத்தப் பெண்களின் விரல்கள் தேவைப்பட்டபோது இரவு ஒரு தடையாக இருக்கவில்லை. அந்த 34ஆவது பிரிவும் 2023 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது. அலுவலக வேலைக்கு அது பொருந்தியதும் இல்லை. எனவே சட்டத்தைக் காரணம் காட்ட வழியில்லை. போக்குவரத்துக்குச் செலவு செய்ய மனமில்லை என்பதே உண்மை.

வேலை விளம்பரங்களின் கதை வேறு. புதிதாகச் சேர்பவருக்கான பணி என்று எழுதிவிட்டு, கீழே இத்துறையில் அனுபவமிக்கவர்களுக்கான சி.ஐ.எஸ்.எஸ்.பி. சான்றிதழ் வேண்டும் என்கிறார்கள். அச்சான்றிதழுக்கு ஐந்தாண்டு முழுநேர அனுபவம் தேவை. பட்டம் இருந்தால் ஓராண்டு குறையும், அவ்வளவுதான். பெண்கள் அதைப் படித்துவிட்டு விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். பையன்கள் பாதித் தகுதியோடு துணிந்து அனுப்புகிறார்கள், எடுக்கவும் படுகிறார்கள்.

குழந்தைப்பேற்றுக்குப் பின் திரும்ப நினைப்பவர்களுக்கும் வழி இல்லாமலில்லை. வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் பதில் தரவும், மறுத்தால் காரணம் கூறவும் திருத்தப்பட்ட வேலைவாய்ப்புச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. இப்படி ஒரு பிரிவு இருப்பதையே எங்கள் துறைப் பெண்களில் பலர் அறியவில்லை. தங்கள் நாளிதழ் இதை ஒருமுறை விரிவாக வெளியிட்டால் உதவியாக இருக்கும்.

கண்காணிப்புச் சேவை நிறுவனங்களுக்கும் ஊடுருவல் சோதனை (அனுமதியோடு உள்ளே புகுந்து பாதுகாப்பு ஓட்டைகளைக் கண்டறிதல்) நிறுவனங்களுக்கும் புதிய இணையப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இப்போது உரிமம் கட்டாயம். அந்த உரிமத்தை வழங்கும் நாக்சா என்னும் தேசிய இணையப் பாதுகாப்பு அமைப்பு, புதுப்பிக்கும் வேளையில் மேலும் இரண்டு விவரங்களைக் கேட்டுப் பெறலாம்: இரவு ஷிப்டில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள், அவர்கள் வீடு திரும்ப என்ன ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது.

இப்படிக்கு,
வாசகி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.