டோடோவைக் கருங்கல்லில் தேட வேண்டாம்

மொரிஷியஸின் அழிந்துபோன உயிரினங்களை மைன்கிராஃப்ட் விளையாட்டில் மீண்டும் நடமாடவிடும் மோட் (விளையாட்டோடு சேர்த்து இயக்கும் கூடுதல் நிரல்) ஒன்றை உருவாக்கிவரும் இளைஞர் குழுவினருக்கு,

அன்புத் தம்பிகளே, தங்கைகளே, வணக்கம்.

நீங்கள் வெளியிட்ட சோதனைப் பதிப்பை என் மாணவர்கள் பள்ளிக் கணினிகளில் நிறுவி விளையாடிவருகிறார்கள். தமிழ் வகுப்பு முடிந்த பிறகும் எழுந்து போகாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் அளவுக்கு அது அவர்களைப் பிடித்து வைத்திருக்கிறது. அவர்களோடு சேர்ந்து நானும் விளையாடிப் பார்த்தேன். உங்கள் உழைப்பைக் குறைசொல்லும் எண்ணம் எனக்குச் சிறிதும் இல்லை. ஆனால், முழுப் பதிப்பு வெளிவருவதற்கு முன், பறக்க இயலாத டோடோ பறவையைக் கண்டெடுக்கும் முறையை மட்டும் நீங்கள் அடியோடு மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன்.

இப்போதுள்ள முறை, 'ஃபாசில்ஸ் அண்ட் ஆர்கியாலஜி: ரிவைவல்' என்ற பழைய மோடைப் பின்பற்றியது என்பது பார்த்தவுடனே தெரிகிறது. பாறையைக் குடைந்து புதைபடிவ பிளாக்கை (விளையாட்டின் கனசதுரக் கட்டையை) உடைக்கிறோம். கிடைத்ததை ஆய்வுக் கருவியில் இட்டு டிஎன்ஏவைப் பிரிக்கிறோம். அதை வளர்ப்புத் தொட்டியில் வைத்தால் முட்டை வருகிறது. டிரைசெராடாப்ஸ் போன்ற டைனோசருக்கு இது பொருந்தும். நீங்களோ டோடோவையும் அதே பிளாக்கிலிருந்து, அதே ஆழத்திலிருந்து எடுக்கவிட்டிருக்கிறீர்கள். டோடோவின் எலும்புகள் கல்லாக மாறியவை அல்ல. அதற்குத் தேவையான காலமே கடக்கவில்லை. நம் தீவு கடலுக்கு மேல் எழுந்து ஏறத்தாழ 80 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. டைனோசர்களோ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன. ஆகவே இங்கே எவ்வளவு ஆழம் தோண்டினாலும் எரிமலைக் குழம்பு இறுகிய கருங்கல் வருமே தவிர டைனோசர் எலும்பு ஒன்றுகூட வராது. (நம் கரும்புத் தோட்டங்களில் குவியல் குவியலாகக் கிடக்கும் அந்தக் கருங்கல்லைப் பரப்பாகப் பார்க்க வேண்டுமானால் இந்த விளையாட்டில் நரகத்துக்கு நிகரான நெதருக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. அதை உருவாக்கியவர்கள் நம் தீவுக்கு ஒருமுறையாவது வந்திருக்கலாம்.)

டோடோ கிடைத்த இடம் சதுப்பு நிலம். விமான நிலையத்துக்கு அருகில், மாயேபூருக்குப் போகும் வழியில் உள்ள மார் ஓ சோன்ஜைத்தான் சொல்கிறேன். 1865ஆம் ஆண்டு, ரயில் பாதை வேலைக்காக வந்திருந்த ஹாரி ஹிக்கின்சன் என்ற பொறியாளர், கூலித் தொழிலாளர்கள் அந்தச் சதுப்பிலிருந்து கரிமண்ணை வெட்டி எடுப்பதையும், அதில் அகப்பட்ட எலும்புகளைத் தனியாகப் பிரித்துக் குவித்து வைத்திருப்பதையும் கண்டார். மாயேபூரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் கிளார்க்குக்குச் செய்தி போயிற்று. நெடுங்காலமாக டோடோ எலும்பைத் தேடி ஏமாந்திருந்த அவர், சதுப்பின் நடுப்பகுதிக்கு ஆட்களை இறக்கினார். ஏறத்தாழ மூன்றடி ஆழத் தண்ணீரில் நின்றுகொண்டு, வெறுங்காலால் சேற்றைத் துழாவி, காலில் தட்டுப்பட்டதை அவர்கள் வெளியே எடுத்தார்கள். முதலில் கிடைத்தவை கால் எலும்புகள். உலகெங்கும் அருங்காட்சியகங்களில் நிற்கும் டோடோ எலும்புகளில் பெரும்பகுதி இந்தச் சேற்றிலிருந்து வந்தவை. கிளார்க்கின் பெயர் நூல்களில் உள்ளது; ஹிக்கின்சனின் பெயர் உள்ளது; அந்த எலும்புகளை வைத்து 1866இல் விளக்கம் எழுதிய ஆங்கிலேய உயிரியலாளர் ரிச்சர்ட் ஓவனின் பெயரோ எல்லா நூல்களிலும் உள்ளது. சேற்றில் இறங்கியவர்களில் ஒருவர் பெயரையும் யாரும் எழுதி வைக்கவில்லை.

பின்னாளில், மலேரியாவைப் பரப்பும் கொசுக்களை ஒழிப்பதற்காக அந்தச் சதுப்பைக் கருங்கற்களைக் கொட்டி மூடிவிட்டார்கள். 2005இல் டச்சு, மொரிஷியஸ் ஆய்வாளர்கள் சேர்ந்து தேடியபோது, கற்களுக்கு அடியில் எலும்புப் படுகை கலையாமல் இருந்தது தெரியவந்தது. ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் கடும் வறட்சியில் தண்ணீர் தேடி வந்து மாண்ட உயிர்களின் படுகை அது. அதில் மிகுதியாக இருந்தவை ராட்சத ஆமைகள். டோடோக்கள் அவற்றுக்கிடையே சிறுபான்மைதான்.

இனி நான் கேட்பதைச் சொல்கிறேன். டோடோ எலும்பைப் பாறை அடுக்கிலிருந்து நீக்கிவிட்டுச் சதுப்பு நிலத்தின் சேற்று பிளாக்குக்குள் வையுங்கள். மைன்கிராஃப்டில் சேறு 2022இலேயே வந்துவிட்டது. அதன்மேல் நடந்தால் கால் சற்றே உள்ளே அமிழும். அடுத்த ஆண்டு தொல்லியல் தூரிகையும் சந்தேக மணலும் வந்தன. அந்த மணலைத் தூரிகையால் பொறுமையாகத் துடைத்தால் உள்ளிருக்கும் பொருள் கைக்கு வரும். அவசரப்பட்டு மண்வாரியால் அடித்தால் மணலும் போகும், பொருளும் போகும். இவ்விரண்டையும் இணைத்து, காலணியைக் கழற்றிவிட்டு நின்றால் மட்டுமே காலுக்குத் தட்டுப்படுகிற, கையால் மட்டுமே எடுக்கக்கூடிய 'சந்தேகச் சேறு' ஒன்றை உருவாக்குவது உங்களுக்குப் பெரிய வேலையாக இராது. பத்து முறை எடுத்தால் எட்டு முறை ஆமை எலும்பே வரட்டும். மாணவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். அந்தச் சதுப்பின் மேல் கருங்கல்லையும் பரப்பி வையுங்கள். அதை அகற்றினால்தான் சேறு தெரிய வேண்டும்.

உங்கள் மோடில் எலும்பைப் பெற்றுக்கொண்டு மரகதம் கொடுப்பவர், வெள்ளைக் கோட்டு அணிந்த ஆய்வாளர் ஒருவர் மட்டுமே. சதுப்பின் கரையில் கூடையோடும் மண்வெட்டியோடும் நிற்கும் தொழிலாளர் சிலரையும் சேருங்கள். எங்கே இறங்க வேண்டும் என்பதை ஆட்டக்காரர் அவர்களிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும் என்று வைத்தால், வரலாற்றில் நடந்ததும் அதுதான். ஒப்பந்தக் கூலிகளாக அப்பிரவாசி காட் துறையில் இறங்கி அதன் படிகளில் ஏறி வந்தவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் எழுதும் மோடில்கூட அவர்களுக்கு இடமில்லை என்றால் வேறு யார் கொடுப்பார்கள்?

உருவத்தைப் பற்றியும் ஒரு சொல். உங்கள் டோடோ மிகவும் பருத்திருக்கிறது. பழைய ஓவியம் ஒன்றின் வடிவத்துக்குள் எலும்புகளை அடக்கப் பார்த்ததால் ஓவனின் முதல் விளக்கத்திலும் அது குந்திய, கொழுத்த பறவையாகவே ஆயிற்று. 1872இல் அவரே அதை நிமிர்த்தித் திருத்தினார். போர்ட் லூயிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருப்பது, ஒரே பறவையின் எலும்புகளால் ஆன, ஏறத்தாழ முழுமையான எலும்புக்கூடு. அதைக் கண்டெடுத்த எத்தியேன் தீரியூ முடிதிருத்தும் தொழில் செய்தவர். அதை லேசர் கருவியால் அளந்து 2016இல் ஆய்வாளர்கள் வெளியிட்டிருக்கிறார்கள். பேருந்தில் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் அசலே இருக்கும்போது கேலிச்சித்திரத்தைப் பார்த்து உருவம் வரைய வேண்டிய அவசியம் என்ன?

ஆய்வுக் கருவியைப் பொறுத்தவரை நான் அதிகம் வற்புறுத்தமாட்டேன்; அது விளையாட்டு. நியூசிலாந்தில் அழிந்துபோன மோவாப் பறவையின் எலும்புகளை ஆராய்ந்து 2012இல் வெளியான கணக்கின்படி டிஎன்ஏவின் பிணைப்புகளில் பாதி 521 ஆண்டுகளில் அறுந்துவிடும். எனவே டைனோசர் டிஎன்ஏ என்பதே கற்பனைதான். டோடோவுக்கு அந்தக் கதி இல்லை. ஆக்ஸ்போர்டில் உள்ள மாதிரியிலிருந்து எடுத்த டிஎன்ஏ, அதன் மிக நெருங்கிய உறவினர் நிக்கோபார் புறா என்பதை 2002இலேயே காட்டிவிட்டது. கொலாசல் பயோசயன்சஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2023இல் டோடோவை மீட்கப்போவதாக அறிவித்தது. அவர்கள் திட்டத்திலும் தொட்டியிலிருந்து முட்டை வருவதில்லை. வேறொரு பறவையின் உடல் வழியாகத்தான் வர வேண்டும். உங்கள் வளர்ப்புத் தொட்டியை எடுத்துவிட்டு நிக்கோபார் புறா ஒன்றைச் சேர்த்தால் போதும்.

முட்டை பொரிந்த பிறகு உங்கள் மோடில் ஒன்றும் நடப்பதில்லை என்பதே எனக்கு உள்ள பெரிய மனக்குறை. டோடோ வேலிக்குள் சுற்றுகிறது, விதை தின்கிறது, அவ்வளவுதான். 1598இல் டச்சுக்காரர் வந்து இறங்கி நூறு ஆண்டு முடிவதற்குள் அந்த இனத்தை அழித்தவற்றில் எலி, பன்றி, குரங்கு ஆகியவற்றின் பங்கு பெரிது. மைன்கிராஃப்டில் பன்றிகள் எங்கு பார்த்தாலும் திரிகின்றன. ஆமை முட்டைகளை ஜோம்பிகள் தேடிப் போய் மிதிக்கும் நிரல் விளையாட்டிலேயே உள்ளது. அதைப் பன்றிகளுக்கு மாற்றி எழுதுங்கள். பன்றியும் எலியும் இல்லாத ஒரு சிறு தீவைத் தயார் செய்த பிறகே டோடோ குஞ்சு பிழைக்கும் என்று வையுங்கள். இது நான் கற்பனையில் கேட்பதல்ல. மாயேபூர்க் கரைக்கு எதிரே உள்ள இல் ஓ எக்ரெத் தீவில் எலிகளை ஒழித்து, அழிந்த நம் ஆமைகளுக்குப் பதிலாக அல்டாப்ரா தீவின் ராட்சத ஆமைகளை விட்டிருக்கிறார்கள். அவை கருங்காலிப் பழங்களைத் தின்று விதைகளைப் பரப்ப, கன்றுகள் முளைத்திருக்கின்றன. 1974இல் நான்கே நான்கு என்று எண்ணப்பட்ட மொரிஷியஸ் வல்லூறு இன்றும் பறப்பது இத்தகைய உழைப்பால்தான். அந்த வல்லூறையும் இளஞ்சிவப்புப் புறாவையும் உங்கள் மோடில் நான் காணவில்லை. ஒருவேளை அவை உயிரோடு இருப்பதால் விட்டுவிட்டீர்களோ என்னவோ.

வேலை கூடுதலாகும் என்பது எனக்குத் தெரியும். நீங்கள் யாரும் சம்பளம் வாங்கி இதைச் செய்யவில்லை என்பதும் தெரியும். எல்லாவற்றையும் ஒரே பதிப்பில் செய்ய முடியாவிட்டால் சேற்றையும் தொழிலாளரையும் முதலில் சேருங்கள். பன்றிகள் அடுத்த பதிப்புக்குக் காத்திருக்கலாம். சேற்று பிளாக் தயாரானதும் அனுப்பி வையுங்கள். சோதித்துப் பார்த்துப் பிழைகளை எழுதி அனுப்ப என் மாணவர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். விளையாட்டில் வரும் பெயர்களையும் குறிப்புகளையும் தமிழில் எழுதித் தரும் பொறுப்பை நானே ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தமிழாசிரியர் ஒருவர்,
மாயேபூர், மொரிஷியஸ்