ஒரு பதவிக்கு ரெண்டு எலெக்‌ஷன் எதுக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்,

பிரைமரிக்கு (கட்சி தன் வேட்பாளர தேர்ந்தெடுக்க வெக்கிற ஓட்டெடுப்பு) செலவு ஜாஸ்தி, அத நிறுத்தணும்னு சொல்றவங்க அமெரிக்காவுல நியூயார்க் சிட்டில 2013ல நடந்தத கண்டிப்பா பாக்கணும். பப்ளிக் அட்வகேட் (மக்கள் குறைய கவனிக்கிற நகரப் பதவி) பதவிக்கு டெமாக்ரட் கட்சி பிரைமரில யாருக்கும் 40 சதவீதம் வரலன்னு அக்டோபர் 1 முதல் ரெண்டு பேருக்கு மட்டும் திரும்ப ஓட்டெடுப்பு (ரன்ஆஃப்) வெச்சாங்க, செலவு சுமார் 1.3 கோடி டாலர், அந்த ஆபீஸோட ஒரு வருஷ பட்ஜெட்டே 23 லட்சம் பக்கம்தான், இது எந்த ஊர் நியாயம் சார்? புது ஸ்கேனர் மெஷின அதுக்குள்ள ரெடி பண்ண முடியாதுன்னு குடோன்ல கெடந்த கைப்பிடிய இழுத்து ஓட்டு போடுற பழைய லீவர் மெஷின வேற தூக்கிட்டு வந்தாங்க, ஓட்டு போட வந்தவங்களோ ரொம்ப கம்மி.

2021 பிரைமரில இருந்து அஞ்சு பேர் வரைக்கும் பிடிச்ச வரிசைல ஒரே சீட்டுல குறிச்சு ஓட்டு போடுறாங்க, யாருக்கும் பாதிக்கு மேல வரலன்னா கடைசி ஆள நீக்கி அவரோட ஓட்ட அடுத்த சாய்ஸுக்கு மாத்தி எண்ணுறாங்க, அதனால ரன்ஆஃப் செலவே இல்ல. தனியா ரன்ஆஃப் வெக்கிற மத்த ஊருங்களும் இதுக்கு மாறட்டும், செலவு ஜாஸ்தின்னு சொல்லி பிரைமரிய மட்டும் தயவுசெஞ்சு நிறுத்திடாதீங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்