லித்தியம் குறைந்தது சரி, டியூட்டீரியக் கணக்கு எங்கே?

ஆசிரியருக்கு,

ஆதிப் பிரபஞ்சத்தில் சிதைந்த ஏதோ ஒரு துகள் லித்தியப் புதிரைத் தீர்த்துவிட்டது என்னும்படி தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை, வரவை மட்டும் எழுதிச் செலவை விட்டுவிட்டது.

புதிர் உண்மைதான். பெருவெடிப்புக் கணக்குப்படி 1000 கோடி ஹைட்ரஜன் அணுவுக்கு ஏறத்தாழ 5 லித்தியம்-7 (லித்தியத்தின் வழக்கமான வகை) அணு இருக்க வேண்டும். பழைய விண்மீன்களின் மேற்பரப்பில் தெரிவது 1.6 அளவே. ஆதி லித்தியத்தின் பெரும்பகுதி முதலில் பெரிலியம்-7 ஆகப் பிறந்து, பிற்பாடு எலக்ட்ரானைப் பிடித்து லித்தியமானது. எனவே பெரிலியத்தை முன்கூட்டியே அழித்தால் போதும். கனமான துகள் ஒன்று பெருவெடிப்புக்குப் பின் சுமார் 1000-ஆவது நொடியில் சிதைந்து நியூட்ரான்களைக் கொட்டினால், அவை பெரிலியத்தை லித்தியமாக்கும். அந்த லித்தியத்தைப் புரோட்டான் தாக்கி இரண்டு ஹீலியமாகப் பிளக்கும். இதுவரை கட்டுரை சொன்னது சரி.

மிஞ்சும் நியூட்ரான்கள் சும்மா இருக்குமா? புரோட்டானைப் பிடித்து டியூட்டீரியமாகும், அதாவது கன ஹைட்ரஜனாகும். அதன் ஆதி அளவு, தொலைதூர குவேசார்களின் (மிகப் பிரகாசமான விண்மீன் மண்டல மையங்களின்) ஒளியை இடையிலுள்ள வாயு உறிஞ்சும் விதத்திலிருந்து, ஒரு லட்சம் ஹைட்ரஜனுக்கு ஏறத்தாழ 2.5 என்று சுமார் ஒரு சதவீதத் துல்லியத்தில் தெரியும். லித்தியம் மூன்றில் ஒன்றாகக் குறையுமளவு நியூட்ரானைச் சேர்த்தால் டியூட்டீரியம் இந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது.

சிதைவில் நியூட்ரானுக்குப் பதில் ஒளித்துகள் வெளிப்பட்டால்? ஒரு சிறு சந்து இருக்கிறது. பெரிலியம்-7 அணுக்கரு உடைவதற்கு 1.59 மெகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) போதும், டியூட்டீரியத்துக்கு 2.22 வேண்டும். இடைப்பட்ட ஆற்றலில் ஒளி வந்தால் பெரிலியம் மட்டும் உடையும். ஆனால் நேரமும் ஒத்துவர வேண்டும். பெருவெடிப்பு நடந்து ஏறத்தாழ 20,000 நொடி ஆவதற்குள் வந்தால், அந்த ஆற்றலுள்ள ஒளித்துகள் சூழ்ந்திருக்கும் வெப்ப ஒளியில் மோதி எலக்ட்ரான்–பாசிட்ரான் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) ஜோடியாகத் தீர்ந்துவிடும். அதிக ஆற்றலோடு மிகத் தாமதமாக, பத்து லட்சம் நொடிகளுக்குப் பின் வந்தாலோ ஹீலியம்-4 உடையத் தொடங்கி, டியூட்டீரியமும் ஹீலியம்-3உம் உதிரும். துகளின் நிறையும் வாழ்நாளும் இந்தச் சந்துக்கென்றே வெட்டித் தைத்ததுபோல் அமைய வேண்டும். விண்மீன்களே தம் உட்புற வெப்பத்தில் லித்தியத்தை எரித்திருக்கலாம் என்ற எளிய விளக்கத்துக்குக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்று: தனி நியூட்ரானின் சராசரி வாழ்நாள் 880 நிமிடம் என அச்சாகியிருக்கிறது. அது சுமார் 880 நொடி. நிமிடமாக இருந்திருந்தால் பிரபஞ்சத்தில் ஹீலியத்தின் பங்கு இன்றுள்ள 25 சதவீதத்தில் நின்றிருக்காது.

– இயற்பியல் ஆசிரியர்கள் இருவர்